டி.எம்.எஸ். பாடல் தொகுப்புகளில் விடுபட்டவை

இலக்கிய மன்றத்தின் ஆண்டுவிழா மேடையில் சங்கப் பாட்டோ காப்பியமோ பேசப்படுவதே வழக்கமாக இருக்க, ‘டி.எம்.எஸ். வெற்றிப் பாடல்கள்’ என்று பெயர் எழுதிய ஒலிநாடா ஒன்றைப் பேசுபொருளாக எடுத்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பாட்டெழுதுவோர் கூடியுள்ள அவையில், பாட்டு எவ்வாறு தொகுக்கப்படுகிறது, தொகுக்கும்போது எவர் பெயர் நிற்கிறது, எவர் பெயர் உதிர்ந்துபோகிறது என்னும் வினா புறம்பானதாகாது.

திருமங்கலத்திலிருந்து இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள டி. கல்லுப்பட்டி, சுற்றிலுமுள்ள சிற்றூர்களுக்கெல்லாம் பேருந்து மாறும் இடமாகவும் சரக்கு வாங்கும் இடமாகவும் நெடுங்காலமாக இருந்துவருவது. இத்தகைய ஊர்களின் காற்றில் நாற்பது ஐம்பது ஆண்டுகளாகக் கலந்திருக்கும் குரல் டி.எம். சௌந்தரராஜனுடையது. ஏழூர் முத்தாலம்மன் சப்பரத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினாலும் அக்குரல்தான் முதலில் எழும். காதணி விழாவிலும் அதுவே. இப்பக்கத்தார் துட்டி வீடு என்று சொல்லும் இழவு வீட்டிலும் பந்தற்காலில் கட்டிய குழாயிலிருந்து அக்குரலே ஒலிக்கும். மகிழ்ச்சிக்கு ஒரு நாடா, துயரத்துக்கு ஒரு நாடா, சாமிக்கு ஒரு நாடா என ரேடியோ செட் வைத்திருப்பவரின் தகரப்பெட்டியில் அவை வகைபிரித்து அடுக்கப்பட்டிருக்கும். வெற்று நாடாவையும், வேண்டிய பாடல்களின் முதலடிகளை எழுதிய தாளையும் கொடுத்தால் ஓரிரு நாளில் பதிந்து தரும் கடைகளும் அந்நாளில் சிற்றூர்தோறும் இருந்தன. அறுபது மணித்துளி நாடாவில் பக்கத்துக்கு ஏழெட்டுப் பாட்டு அடங்கும். விரும்பியவர் தம் கையால் எழுதிக் கொடுத்த அப்பட்டியலும் ஒரு தொகை நூலே எனலாம். தொகுத்தவர் உண்டு, தொகுப்பித்தவர் உண்டு. பாடினோர் பெயர் மட்டுமே அதில் குறிக்கப்படும்.

நிறுவனங்கள் வெளியிட்ட தொகுப்புகளும் இதே வழியிலேயே சென்றன. எல்.பி. இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு, ஒரே தகட்டில் நூறு பாட்டு அடக்கும் எம்.பி.3, பின்னர்ப் பழம்பாடல்களை உள்ளே பதிந்து வானொலிப் பெட்டி வடிவில் விற்கப்படும் கருவி என வடிவம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நெற்றியில் திருநீறும் குங்குமமுமாகப் பாடகரின் முகம் அட்டையின் முன்புறத்தில் இருக்கும். பின்புறத்தில் பாட்டின் முதலடியும் படத்தின் பெயரும் இருக்கும். சிலவற்றில் இசையமைப்பாளர் பெயர் காணப்படும். பழைய நிறுவனங்கள் முறையாக வெளியிட்ட தொகுப்புகள் சிலவற்றில், கண்ணாடி போட்டுப் படிக்கவேண்டிய பொடியெழுத்தில் பாடலாசிரியர் பெயரும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் திருவிழாக் கடையில் விற்றவற்றிலும், பதிவுக் கடையில் படியெடுத்தவற்றிலும் அப்பொடியெழுத்தும் இல்லை. மக்களிடம் மிகுதியாகச் சென்று சேர்ந்தவை இவையே.

இத்தொகுப்புகளின் முதற் குறை, அவை பாடகரின் வரலாற்றையே நடுவிலிருந்து தொடங்குவதாகும். சௌந்தரராஜன் 1922இல் மதுரையில் சௌராட்டிரக் குடும்பமொன்றில் பிறந்தவர். காரைக்குடி இராஜாமணி ஐயங்காரிடம் இசை பயின்றவர். திரைக்கு அவர் பாடிய முதற்பாட்டு, கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவாகி 1950இல் வெளிவந்த ‘கிருஷ்ண விஜயம்’ படத்துக்கு எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் பாடியது. அதைக் கேட்பவர், பாடுவது எம்.கே. தியாகராஜ பாகவதரோ என்று ஒரு கணம் மயங்குவர். அந்நாளில் இளம் பாடகர் எவருக்கும் பாகவதரே இலக்கணம். அவ்விலக்கணத்தைக் கற்று, அதிலேயே தங்கிவிடாமல், அதிலிருந்து விலகித் தம் கணீரென்ற குரலைக் கண்டடைந்ததுதான் சௌந்தரராஜனின் சாதனை. அவர் எங்கிருந்து புறப்பட்டார் என்பது காதில் விழுந்தால்தான் எவ்வளவு தொலைவு நடந்தார் என்பது விளங்கும். தொகுப்புகளோ பெரும்பாலும் 1954இல் வெளிவந்த ‘தூக்குத் தூக்கி’, ‘மலைக்கள்ளன்’ ஆகிய படங்களில் கதவைத் திறக்கின்றன. முன்னதில் ஜி. இராமநாதன் இசையில் சிவாஜி கணேசனுக்கும், பின்னதில் சுப்பையா நாயுடு இசையில் எம்.ஜி.ஆருக்கும் அவர் பாடினார். ‘பராசக்தி’யில் சிவாஜிக்குக் குரல் கொடுத்த சி.எஸ். ஜெயராமனின் இடத்தில் புதியவர் ஒருவரை வைக்க அன்று தயக்கம் இருந்தது. பாடிக் காட்டித்தான் அவர் அந்த இடத்தைப் பெற்றார். இந்த நான்காண்டுப் போராட்டம் தொகுப்புகளில் இல்லை. பாடகர் வெற்றியோடு பிறந்தவராகவே அவற்றில் தோன்றுகிறார்.

முடிவுப் பகுதியும் இவ்வாறே நறுக்கப்பட்டுள்ளது. 1976இல் ‘அன்னக்கிளி’யில் இளையராஜாவுக்காகப் பாடியவரும் அவரே. 1980இல் ‘ஒரு தலை ராகம்’ படத்தில் முற்றிலும் புதிய தலைமுறையின் தோல்வியை ஐம்பத்தெட்டு வயதுக் குரலில் பாடியவரும் அவரே. 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுப் பாட்டிலும் அவர் குரல் இருந்தது. முதுமையும் குரலுக்கு ஒரு பொருள் தரும் என்பதை ‘வெற்றிப் பாடல்கள்’ என்னும் தலைப்பு ஒப்புக்கொள்வதில்லை.

இவை பாடகருக்கு நேர்ந்த குறைகள். பாட்டுக்கு நேர்ந்த குறை இதனினும் ஆழமானது.

தொகுப்பாளர்கள் பாடல்களைப் பிரிக்கும் முறையை நோக்குக. எம்.ஜி.ஆர். பாடல்கள், சிவாஜி பாடல்கள், காதல் பாடல்கள், சோகப் பாடல்கள், தத்துவப் பாடல்கள், பக்திப் பாடல்கள் என்பன அவர்கள் வகுத்த திணைகள். 1962ஆம் ஆண்டு ‘பாத காணிக்கை’ படத்துக்காகக் கண்ணதாசன் நிலையாமை குறித்து ஒரு பாட்டு எழுதினார். உறவு எதுவரை வரும், எங்கே நின்றுவிடும் என்று எண்ணிச் சொல்லும் அப்பாட்டு இன்றளவும் துட்டி வீடுகளில் ஒலிக்கிறது. அதன் பல்லவிக்கு வித்து பட்டினத்தாரின் பாடலில் உள்ளது என்பதை இவ்வவையில் உள்ளோர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே 1962இல்தான் ‘பட்டினத்தார்’ என்னும் படமும் வெளிவந்தது. அதில் பட்டினத்தாராகவே நடித்துப் பாடியவர் சௌந்தரராஜன். ஒரே ஆண்டில், ஒரே குரலில், மூலமும் அதன் வழித்தோன்றலும் தமிழர் காதில் விழுந்தன. பத்தாம் நூற்றாண்டை ஒட்டியோ அதன் பின்னரோ வாழ்ந்த துறவி ஒருவரின் சொல், சிறுகூடல்பட்டிக் கவிஞரின் பேனாவில் புகுந்து, சுடுகாட்டுப் பாதையில் நடக்கும் எளிய மக்களுக்கு ஆறுதலாக மாறிய வரலாறு அது. தொகுப்பில் நேர்ந்தது என்ன? கண்ணதாசன் பாட்டு சோகப் பாடல் நாடாவுக்குப் போயிற்று. பட்டினத்தார் பாட்டு பக்திப் பாடல் நாடாவுக்குப் போயிற்று. தந்தையும் மகனும் வேறு வேறு பெட்டிகளில் அடைபட்டுவிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்த தொகுப்பு ஒன்றேனும் வந்திருந்தால், ஆய்வேடு பல செய்யும் பணியை அது ஆறு மணித்துளியில் செய்திருக்கும்.

‘தத்துவப் பாடல்’ என்னும் பெயரும் ஆராய்தற்குரியது. ‘நாடோடி மன்னன்’ (1958), ‘திருடாதே’ (1961), ‘அரசிளங்குமரி’ (1961) ஆகிய படங்களில் சௌந்தரராஜன் பாடிய புகழ்பெற்ற அறிவுரைப் பாட்டுகள் மூன்றும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியவை. பின்னிரண்டு படங்களும் திரைக்கு வருமுன்பே கவிஞர் மறைந்துவிட்டார். 1959 அக்டோபரில் இறந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. உழைப்பு, உடைமை, சோம்பல், பங்கீடு என்று நிலத்தில் கால் ஊன்றிப் பேசும் அப்பாட்டுகள் பொதுவுடைமை இயக்கத்தோடு வாழ்ந்து, பல தொழில்களைச் செய்து பார்த்த ஓர் இளைஞனின் பட்டறிவிலிருந்து வந்தவை. ‘எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்கள்’ என்று பெயரிட்டு அவற்றை அடுக்கும்போது, அவை ஒரு நடிகரின் வாழ்க்கைக் கொள்கையாக மாறிவிடுகின்றன. கிராமத்துப் பெரியவர் ஒருவர் தம் பேரனிடம் ‘எம்.ஜி.ஆர். சொன்னார்’ என்று அவ்வரியைச் சொல்வதில் வியப்பில்லை. நாடாவின் அட்டை அவருக்குக் கற்பித்தது அதுவே. பட்டுக்கோட்டையாரின் பாடல்கள் 1993இல் நாட்டுடைமையாக்கப்பட்டன. நாட்டுக்கு உடைமையான பாட்டை நாட்டார் இன்னாருடையது என்று அறியவில்லை என்றால், அவ்வுடைமையின் பொருள்தான் என்ன?

பக்திப் பாடல் நாடாக்களின் கதை இன்னும் நெஞ்சை உறுத்துவது. முருகனைப் பாடிய ‘உள்ளம் உருகுதையா’ என்னும் பாட்டை அறியாத தமிழ் வீடு இல்லை. திருப்பரங்குன்றத்திலிருந்து திருச்செந்தூர் வரை கோயில் வாசல்தோறும் சௌந்தரராஜன் குரலில் அது ஒலிக்கிறது. பழனியில் தங்கியிருந்தபோது, விடுதியில் வேலைசெய்த இசுலாமியச் சிறுவன் ஒருவன் பாடக் கேட்டு அவர் அதை எழுதிக்கொண்டார் என்றும், எழுதியவர் யாரென்று அறியாமலேயே பாடிப் பரப்பினார் என்றும், பின்னொரு நாள் சென்னைக் காளிகாம்பாள் கோயிலில் அப்பாட்டு எழுதப்பட்டிருந்ததைக் கண்ட பிறகே ஆசிரியர் பெயரை அறிந்தார் என்றும் ஒரு செய்தி இசையன்பரிடையே வழங்கிவருகிறது. அப்பெயர் ஆண்டவன் பிச்சை. இயற்பெயர் மரகதம். இல்லறத்தில் இருந்துகொண்டே முருகன் மீது பாடல்கள் புனைந்த பெண்மணி அவர். பெண்பாற் புலவர் பெயர்களை எண்ணிச் சொல்லும்போது தமிழ்ப் பேராசிரியர்கள் ஒளவையார், காரைக்காலம்மையார், ஆண்டாள் என்று தொடங்கிப் பல நூற்றாண்டுகளைத் தாவிச் செல்கிறார்கள். நாள்தோறும் விடியற்காலையில் இலட்சக்கணக்கானோர் கேட்கும் பாட்டை எழுதிய பெண்ணின் பெயர் அவ்வரிசையில் வருவதில்லை. வராமைக்குக் காரணம் பகை ஏதுமில்லை. அட்டையில் அச்சிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். பாடியவர் தேடிக் கண்டுபிடித்த பெயரைத் தொகுத்தவர் மீண்டும் தொலைத்தார். இதே முருகன் பாடல்களில் இன்னொன்று, வாலி திரையுலகுக்கு வருமுன் திருவரங்கத்திலிருந்து அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிய பாட்டு. சௌந்தரராஜனே அதற்கு மெட்டமைத்துப் பாடினார். முகமறியாத இளைஞனின் அஞ்சலட்டையை மதித்த அப்பெருந்தன்மையும் அட்டைக்குள் அடங்காமற் போயிற்று.

பெயர் அச்சாகாததால் மற்றொரு தீங்கும் நேர்கிறது. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் சிவபெருமான் தாமே பாட்டும் பாவமுமாக நின்று பாடும் பாட்டு கண்ணதாசன் பெயரில் வழங்குகிறது. அது கவிஞர் கா.மு. ஷெரீப் எழுதியது என்னும் கருத்தும் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. இவற்றில் எது உண்மை என்று தீர்ப்பது இவ்வுரையின் நோக்கமன்று. ஷெரீப், 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’ காலத்திலிருந்தே பாட்டெழுதியவர், தமிழரசுக் கழகத்தில் பணியாற்றியவர், பல நூல்களின் ஆசிரியர். அத்தகையவரின் உரிமை பற்றி எழும் ஒரு கேள்வி, பாட்டைக் கேட்போர் செவிக்கு எட்டவே வழியில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது. பெயர் குறித்திருந்தால் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், வழக்காடலாம். பெயரே இல்லாத இடத்தில் வழக்குக்கும் இடமில்லை.

தமிழர்க்குத் தொகுக்கத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. உலகின் பழைய தொகை நூல்களுள் சில தமிழில் உள்ளன. குறுந்தொகையைத் தொகுத்த பூரிக்கோவும், ஐங்குறுநூற்றைத் தொகுத்த கூடலூர் கிழாரும், அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மனும் பாட்டின் அடியில் பாடினோர் பெயர் நிற்கும் மரபில் வந்தவர்கள். பெயர் கிடைக்காதபோதும் அம்மரபு கைவிரித்துவிடவில்லை. பாட்டில் ஒளிரும் ஒரு தொடரை எடுத்து அதையே புலவருக்குப் பெயராகச் சூட்டியது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், மீனெறி தூண்டிலார் என்னும் பெயர்கள் அவ்வாறு பிறந்தவை. ஊரும் பேரும் அறியப்படாத ஒருவருக்கு அவர் சொல்லாலேயே முகம் வரைந்த பண்பாடு அது.

இசைப்பாட்டைப் பொறுத்தவரை மதுரைக்கு அதனினும் நெருக்கமான சான்று பரிபாடல். வையையையும் திருமாலையும் செவ்வேளையும் பாடும் அந்நூலின் பாட்டுகள் இசையோடு பாடப்பட்டவை. எழுபதில் இன்று முழுமையாகக் கிடைப்பவை இருபத்திரண்டே. 1918இல் உ.வே. சாமிநாதையர் அதைப் பதிப்பித்தபோது, பாட்டின் இறுதியிலிருந்த குறிப்புகளும் அச்சேறின. பாட்டு இன்னாருடையது, இசை இன்னாருடையது, பண் இன்னது என்று அவை மூன்றையும் தனித்தனியே சொல்லுகின்றன. ஆசிரியன் நல்லந்துவனார் பாட்டுக்கு மருத்துவன் நல்லச்சுதனார் இசை வகுத்தார், பண் பாலையாழ் என்பது இன்றும் தெரிகிறது. கண்ணாகனார், பெட்டனாகனார் என இசை வகுத்தோர் பெயர்கள் வேறும் உள்ளன. ஆயின் ஒன்று தெரியவில்லை. அப்பாட்டுகளை வையைக் கரையிலும் திருப்பரங்குன்றத்திலும் நின்று பாடிய குரல் யாருடையது என்பதைப் பரிபாடல் சொல்லவில்லை. சொல்லைக் காத்தவர்கள் குரலை இழந்தார்கள். இருபதாம் நூற்றாண்டுத் தொகுப்போ குரலைக் காத்துச் சொல்லுக்குரியவனை இழந்தது. ஏட்டில் குரலைப் பதிய இயலாமல் போனது காலத்தின் எல்லை. ஒலிநாடா அட்டையில் ஒரு வரி அச்சிடாமல் போனதற்கு அப்படியொரு காரணம் சொல்ல முடியுமா?

பாடவேறுபாடு என்பதும் இத்தொகுப்பாளர் அறியாத துறை. ஏட்டுச்சுவடியில் ஓரெழுத்து மாறினாலும் அடிக்குறிப்பு எழுதும் வழக்கமுள்ள தமிழுலகில், ஒரே பாட்டின் இரண்டு வடிவங்கள் எவ்விதக் குறிப்புமின்றி உலவுகின்றன. 1966இல் வெளிவந்த ‘அன்பே வா’ படத்தின் தொடக்கப் பாட்டு வாலி எழுதியது. அதில் ‘உதயசூரியன்’ என்று வந்த சொல் ஓர் அரசியல் கட்சியின் சின்னம் என்பதால் தணிக்கையில் தடைபட்டு, திரையில் ‘புதிய சூரியன்’ என்று மாற்றப்பட்டது. இசைத்தட்டிலோ முதல் வடிவமே நின்றது. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் அக்கட்சியே ஆட்சியைப் பிடித்தது என்பது வரலாறு. ஒரு சொல்லுக்கு அரசு அஞ்சிய காலத்தின் அடையாளம் அந்த ஓரசை வேறுபாட்டில் உறைந்திருக்கிறது. தொகுப்பு எந்த வடிவத்தைத் தந்திருக்கிறது என்று குறிப்பு எழுத ஒரு வரி போதும். மேலும், 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றரை மணித்துளியே ஓடுமாதலால், திரையில் நீண்டு ஒலித்த பாட்டைத் தட்டுக்காகச் சுருக்குவதும் உண்டு. சரணம் ஒன்று போனால் இசைக்குப் பெரிதும் ஊறில்லை. கவிதைக்கு அது கை போனது போன்றது.

முழுப் பாட்டும் கிடைத்த இடம் ஒன்று இருந்தது. அதுதான் கொட்டகை வாசலில் சில அணாக்களுக்கு விற்ற பாட்டுப் புத்தகம். சாணித்தாளில், எழுத்துப் பிழைகள் மலிய அச்சான அந்நூல்கள் சரணம் குறையாமல் பாட்டைத் தந்தன. பாடல் இயற்றியவர்கள் பெயரும் அவற்றில் இருந்தது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அத்தகைய பாட்டுப் புத்தகங்கள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. வானொலிக்கும் இதில் பங்குண்டு. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள் படம், பாடியவர், இசை, பாடலாசிரியர் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னோ பின்னோ தெளிவாகச் சொன்னார்கள். மதுரைப் பக்கத்தில் அந்த ஒலிபரப்பு நன்கு கேட்டது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த குரல் பட்டுக்கோட்டையின் பெயரையும் மருதகாசியின் பெயரையும் உடுமலை நாராயண கவியின் பெயரையும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இன்று அறுபது வயதைக் கடந்த, பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத பலர் பாடலாசிரியர் பெயரைத் தடுமாறாமல் சொல்வதற்கும், நாடாவோடு வளர்ந்த பட்டதாரிகள் அதைச் சொல்ல இயலாமல் விழிப்பதற்கும் காரணம் வேறொன்றுமில்லை.

தொகுப்பாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. பாட்டுக் கேட்பவர் ஆராய்ச்சிக்காகக் கேட்பதில்லை, களைப்புத் தீரக் கேட்கிறார். ஏர் பூட்டிய மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுத் திண்ணையில் சாய்ந்தவருக்கு அடிக்குறிப்பு வேண்டியதில்லை. இத்தொகுப்புகள் இல்லாவிட்டால் படம் ஓடி முடிந்ததோடு பாட்டும் ஓய்ந்திருக்கும் என்பதும் உண்மை. படச்சுருள் கெட்டுப்போன படங்களின் பாட்டுகள்கூட நாடாவால் உயிரோடு இருக்கின்றன. அந்த நன்றியை மறுப்பதற்கில்லை. குரலை முன்னிறுத்துவதும் தவறாகாது. சொல்லை உச்சரிப்புத் தவறாமல், ழகர ளகரம் மயங்காமல் கவிஞர் மகிழப் பாடிய அக்குரல் பாட்டுக்குப் பெரும்பேறு. மதுரை முனிச்சாலையில் 2023இல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது தகும். ஆயினும், அவரோடு சேர்ந்து உழைத்தவர்களை மறைத்துத்தான் அவரை உயர்த்த வேண்டுமா என்பதே கேள்வி. ‘சர்வர் சுந்தரம்’ (1964) படத்தில், பாட்டு ஒலிப்பதிவாகும் காட்சியையே திரையில் காட்டியிருப்பார்கள். எம்.எஸ். விசுவநாதன் கையசைக்க, வரிசை வரிசையாக இசைக்கலைஞர்கள் வாசிக்க, சௌந்தரராஜன் நின்று பாடுவார். ஒரு பாட்டுக்கு எத்தனை கைகள் வேண்டும் என்பதை அக்காட்சி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. அக்காட்சியிலும் வாலி இல்லை என்பது வேறு செய்தி. எழுதியவரைப் படம்பிடிப்பது எளிதன்று போலும்.

சட்டம் இதற்குத் துணைநிற்குமா எனின், பாதியளவே நிற்கிறது. 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 52ஏ என்னும் பிரிவு, ஒலிப்பதிவின் உறையில் எவை குறிக்கப்படவேண்டும் என்று பட்டியலிடுகிறது. பதிவைத் தயாரித்தவர் பெயரும் முகவரியும், உரிமையாளர் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டும் கட்டாயம். எழுதிய கவிஞர் பெயர் அப்பட்டியலில் இல்லை. பதிப்புரிமையை விற்ற பின்பும் தாமே ஆசிரியர் என்று கோரும் உரிமை படைப்பாளிக்கு 57ஆம் பிரிவின்படி உண்டு. ஆனால் அவரோ அவருடைய சட்டப்படியான வாரிசுகளோ முன்வந்து கோரவேண்டும். 2012இல் வந்த திருத்தம், திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது கிடைக்கும் பங்குத்தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத உரிமையை அளித்தது. இது பெரிய முன்னேற்றம். பங்குத்தொகை உரியவரிடம் சேரவேண்டுமானால் பெயர் ஏட்டில் இருக்கவேண்டும். எனவே பெயர் என்பது இங்கே புகழ் மட்டுமன்று, சோறும் ஆகும். மறைந்த கவிஞர்களின் குடும்பங்கள் வாழ்ந்த நிலையை அறிந்தவர்க்கு இது விளங்கும்.

இவ்வூர் காந்தி நிகேதனில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஜே.சி. குமரப்பா, ஒரு பொருளை வாங்குபவர் அது யாரால், எந்நிலையில் ஆக்கப்பட்டது என்பதற்கும் பொறுப்பாளர் ஆகிறார் என்னும் கருத்தைத் தம் பொருளியல் நூல்களில் வலியுறுத்தினார். அவர் நினைத்தது கதரையும் எண்ணெயையும் அரிசியையும். பாட்டும் ஆக்கப்படும் பொருள்தான் என்பதால், கல்லுப்பட்டிக் கடையில் நாடா வாங்கியவருக்கும் அக்கருத்து பொருந்தும். திருமண மண்டபத்தில் பாட்டு வைக்கும் வீட்டாருக்கும், மேடையில் பாடும் மெல்லிசைக் குழுவினருக்கும் அது பொருந்தும். எழுதியவர் பெயரை ஒலிவாங்கியில் சொல்ல இரண்டு நொடி ஆகும்.

இப்போது நாடாவும் போய், தகடும் போய், கைப்பேசியில் விரல் பட்டால் பாட்டு வருகிறது. அட்டைக்கு இடமில்லை என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது. திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ஆயினும் முதலில் தோன்றுவது பாடியவர் பெயரே. உள்ளே தேடிச் சென்றால் சிலவற்றில் எழுதியவர் பெயர் கிடைக்கிறது. அங்கும் இசையமைத்தவர் யார், பாட்டெழுதியவர் யார் என்ற வேறுபாடு இல்லாமல் இரு பெயர்களும் ஒரே வரியில் கிடப்பதுண்டு. நல்லந்துவனார் வேறு, நல்லச்சுதனார் வேறு என்று தெளிவாக எழுதிவைத்த ஏட்டாளர் பெயரும் தெரியவில்லை.